வயிற்றின் மேல் வைத்து எழுதியது

என் தையற்காரருக்கு,

வார்டுக்குள் போன் கொண்டுவர விடவில்லை. வெளியே பெஞ்சில் இருக்கும் உங்களிடம் நர்ஸ் இதைக் கொடுப்பார். மேஜை இல்லாததால் அட்டையை வயிற்றின் மேல் வைத்து எழுதுகிறேன்.

சாப்பிட்டேன். ஊசியும் போட்டாயிற்று. பக்கத்துக் கட்டில்காரி விடும் குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

ஸ்கேனில் பிள்ளை பெரிது என்றதும், அதற்காகத் தைத்து முடித்த சட்டையைப் பிரித்து இரண்டு விரல் அகலப்படுத்தினீர்களே, உங்கள் அம்மாவும் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார்களே, அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது சர்க்கரை ஏறினதால வந்த பருமன்மா. நஞ்சுக்கொடியும் தடிச்சுப் போச்சு, அதோட ரத்தக்குழாய் சரியா வேலை செய்யல. பிள்ளைக்குச் சர்க்கரை அளவுக்கு மேல போகுது, ஆக்ஸிஜன்தான் பத்தல," என்றார்.

இதயத் துடிப்பு பார்க்கும் மெஷின் அடுத்த வார்டிலிருந்து வர வேண்டுமாம். "அசைவு தெரியுதாம்மா?" என்று நர்ஸ் வந்து வந்து கேட்கிறார். "தூங்குதுபோல சிஸ்டர்," என்கிறேன். காலையிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்.

சட்டையை மறுபடி பிரிக்க வேண்டாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். எனக்குப் பயமில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு எதுவும்

மேல் வரி கோணலாக அறுந்தது என் கையால் அல்ல. உள்ளேயிருந்து ஓர் உதை. அட்டையே நகர்ந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டுவிட்டேன்.

சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போதே வெளியே எடுக்கட்டும்.

உங்கள் அளவு நாடாவை எப்போதும் தொலைப்பவள்