திங்கள் நேரம்

ஜூலை 8, திங்கள்

மழை விட்டபாடில்லை. லேபுக்குள் சுவர்கூட வேர்த்துக்கொண்டு நிற்கிறது.

திங்கள் நேரம் எடுத்தாயிற்று: 71 வினாடி.

பின்பக்கக் கிடங்கிலிருந்து இவர் இரண்டு தடவை ஃபோன். புது வெளுப்புத் தூள் இருநூற்று நாற்பது மூட்டை தனிக் கொட்டகையில் கிடக்கிறதாம், கொட்டகை ஒரு மூலையில் ஒழுகுகிறதாம். "நீ ரிசல்ட் குடுத்தா பெரிய கிடங்குக்கு மாத்திடுவேன்." பெண்டாட்டி லேபில் இருந்தால் வரிசையைத் தாண்டலாம் என்று நினைப்பு. "உங்க தூளுக்கு முன்னாடி நாலு சாம்பிள் நிக்குதுங்க"ன்னு ஃபோனை வச்சிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "நாள் முழுக்க என்னதாம்மா பத்த வைக்கிறே?"

சொன்னேன். சில தூள் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எரிவதை வெறி பிடித்த மாதிரி எரிய வைக்கும். அதற்குப் பெயர் ஆக்ஸிஜனேற்றி. அப்படிப்பட்டதா என்று பார்க்க, சாம்பிளை எரியக்கூடிய உலர்ந்த செல்லுலோஸ் தூளோடு கலந்து, சின்னக் கூம்பாகக் குவித்து, அடியில் சூட்டுக் கம்பி வைத்துப் பற்றவைப்பேன். எரிந்து முடிகிற வரைக்கும் ஸ்டாப்வாட்ச். பொட்டாசியம் புரோமேட் கலந்த கூம்புதான் அளவுகோல். அதற்குச் சமமாகவோ அதைவிடச் சீக்கிரமாகவோ எரிந்தால் ஆபத்து, அட்டைப்பெட்டி, மரம் எதற்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

"அப்ப அப்பா மாதிரி. தானா சண்டைக்குப் போக மாட்டார், உன்னை ஏத்தி விடுவார்" என்றாள். இவர் சிரித்ததில் புரையேறிவிட்டது. நல்லா வேணும்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. புரோமேட் கூம்பை ஒவ்வொரு சோதனையோடும் சேர்த்து எரிக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தத் தூசி பொல்லாதது, மூக்கில் போகக் கூடாது, யாருக்கும் தொடப் பிடிக்காது. அதனால் திங்களன்று ஒரு தடவை எரித்து, அந்த நேரத்தையே வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறோம். பதினொரு வருஷத்துப் பழக்கம். ஆரம்பித்தது நான்.

ஜூலை 11, வியாழன்

வெளுப்புத் தூள் முடிந்தது. ஐந்து கூம்பு எரித்தேன், சராசரி 98 வினாடி. திங்கள் நேரத்தைவிட எவ்வளவோ மெதுவு. "ஆக்ஸிஜனேற்றி அல்ல." கையெழுத்துப் போட்டேன். லேப் தலைவர் படிக்காமலே முத்திரை குத்தினார். சீல் சார் என்று சும்மாவா பெயர் வைத்தோம்!

இவரிடம் பேப்பரை நீட்டினேன். "தெய்வமே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 12, வெள்ளி

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

மத்தியானம் அடுத்த சாம்பிளுக்காகச் செல்லுலோஸ் ஜாடியைத் திறந்தேன். கரண்டியில் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. மாவு மாதிரி உதிர வேண்டியது, கட்டி கட்டியாக. விரலால் நசுக்கிப் பார்த்தேன்.

பத்து கிராம் நிறுத்து உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். மூணரை மணிக்கு எடுத்து ஆறவைத்து நிறுத்தால் 9.3. மீதி? தண்ணீர். வேறென்ன. திங்கட்கிழமை அடுப்பிலிருந்து எடுத்தபோது உலர்ந்துதான் இருந்தது. நாலு நாள் மழையில் ஜாடியை எத்தனை தடவை திறந்து மூடியிருப்போம்!

அப்போ திங்கட்கிழமை புரோமேட் எரிஞ்சது உலர்ந்த தூளோட. வியாழக்கிழமை வெளுப்புத் தூள் எரிஞ்சது ஈரத் தூளோட. மெதுவா எரியாம என்ன செய்யும்? அது மெதுவான தூள்னு எழுதிக் கையெழுத்து வேற போட்டிருக்கேனே. அடிப்பாவி. அடிப்பாவி.

இவருக்கு ஃபோன் செய்தேன். காலையிலிருந்து தூக்கி எல்லா மூட்டையும் மாற்றியாயிற்று. எங்கே? அட்டைப்பெட்டிக் கட்டுகளுக்குப் பக்கத்தில், மரப்பலகை மேல். ஒரு பொறி போதும்.

"ஏங்க, உடனே வெளிய எடுத்துடுங்க."

"விளையாடுறியா? நேத்துதானே எழுதிக் குடுத்தே?"

"தப்பு பண்ணிட்டேங்க. என் தப்பு. நாளைக்கு மறுபடி செஞ்சாத்தான் நிச்சயமாத் தெரியும். அதுவரைக்கும் அங்க இருக்க வேண்டாம்."

கத்தினார். "அல்லன்னு எழுதின பேப்பர் என் கையில இருக்கு, கீழ உன் கையெழுத்து. மேல கேட்டா நான் என்ன சொல்ல, வீட்டுக்காரி அழுதான்னா? ஆளுங்க முதுகு ஒடிஞ்சு இப்பத்தான் உக்கார்ந்திருக்காங்க. நாளைக்குப் பேப்பர் கொண்டா, எடுக்கிறேன்."

வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் எரிச்சல். என்னை மறுத்துப் பேச என் கையெழுத்தையே காட்டுகிறார்.

சீல் சார் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். "திங்கக்கிழமை பாத்துக்கலாமே, எங்க ஓடிடப் போகுது?" என்றார். ஓடாது சார். அங்கேயேதான் இருக்கும். பிரச்சினையே அதுதான்! சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் ரொம்பத் தாமதமாக வந்தார், வந்ததும் படுத்துவிட்டார்.

ஜூலை 13, சனி

இவர் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

லேபில் நான் மட்டும். செல்லுலோஸை 105 டிகிரியில் நாலு மணி நேரம் காயவைக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் கிடங்கின் கூரை தெரிகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புகை வருகிறதா என்று பார்த்தேன். வெறும் மழைதான். ஒன்பதரைக்கு லாரி சத்தம் கேட்டபோது உயிரே போய் வந்தது.

ஆறவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு புரோமேட் கூம்பு எரித்தேன். ஐந்து தடவை, சராசரி 70.

வெளுப்புத் தூள். கம்பியில் கரண்ட் கொடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூம்பு முழுக்க ஒரே சீறலாக வெள்ளை வெளிச்சம். ஸ்டாப்வாட்சை அமுக்கியபோது 43. நம்பாமல் இன்னொன்று. 41. 44. 43. 42. இதைத்தான் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பேப்பரை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினேன்.

கிடங்கில் அந்த இடம் காலி. மரப்பலகை மட்டும் கிடந்தது.

பின்னால் கொட்டகையில், ஒழுகாத பக்கமாக மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார் இவர். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. நேற்று ஃபோனை வைத்துவிட்டுப் பாதி, இன்று காலையில் மீதி. யாரிடமும் கேட்கவில்லை. என் சோதனை வேறு மாதிரி வந்திருந்தால் இவர் வேலை போயிருக்கும்.

"பேப்பர் இல்லாம எடுக்க மாட்டேன்னீங்களே?"

"கல்யாணமாகி இருபது வருஷம். 'என் தப்பு'ன்னு உன் வாயால நேத்துதான் கேட்டேன். அதுக்கு மேல எனக்கு என்ன பேப்பர் வேணும்?"

ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே நின்று அழுதேன். அப்புறம், நேற்றே சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேனே என்று நன்றாகத் திட்டினேன்.

ஜூலை 15, திங்கள்

சீல் சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "புது ரிப்போர்ட் சரி. பழசைக் கிழிச்சுடுங்க. திங்கள் நேரத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க."

ஏன் என்று தெரியும். இந்த ஒரு தூள் மட்டும் இல்லையே. பதினொரு வருஷமாக வாரக் கடைசியில், மழைக்காலத்தில், "அல்ல" என்று நான் போட்ட கையெழுத்து எத்தனை? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. மகள் கல்லூரிக்குப் போகிற வருஷம், இப்போது போய் இதெல்லாம் தேவையா?

ஆனால் ஜன்னலில் அந்தக் கூரை தெரிந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்கு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய ரிப்போர்ட்டைக் கிழிக்கவில்லை, கூடவே வைத்தேன்.

ஜூலை 17, புதன்

கையெழுத்துப் போடும் அதிகாரம் நிறுத்தம். சோதனை செய்யலாம், எழுதலாம். கீழே பெயர் போட வேறொருவர்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழைக்காலத்தில் 'அல்ல' என்று நான் எழுதி, மறுபடி சோதிக்க வேண்டிய பழைய சாம்பிள்கள் மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் அன்றன்றைக்கே காயவைத்த செல்லுலோஸ், கூடவே புரோமேட். இதுவரை எட்டு முடிந்தது, எட்டிலும் பழைய முடிவுதான். சீல் சார் நேருக்கு நேர் வந்தால் சுவரைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பத்தொன்பதும் முடிந்தது. பதினேழில் மாற்றமில்லை. இரண்டு மாறிவிட்டன.

ஒன்றின் தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று குழாய் அடைப்பு நீக்கும் தூள், மூன்று வருஷமாகப் பெரிய கிடங்கில் இருக்கிறது. மத்தியானமே தகவல் போய், இன்றே வெளியே எடுத்துவிட்டார்கள். இவர் இன்று லீவு. வீட்டுக்கு வந்து நான்தான் சொன்னேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுவரோரம் இருக்குமே, நீலச் சாக்கு?"

"ஆமா."

"அது மேல உக்காந்துதான்மா தினமும் சாப்பிடுறேன். மெத்துனு இருக்கும்."

மூன்று வருஷம். என் கையெழுத்தை நம்பி. இவர் என்னென்னமோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார், எதுவும் காதில் ஏறவில்லை.

நாளைக்கு முதல் வேலையாக இவருக்கு ஒரு ஸ்டூல் வாங்க வேண்டும்.