சங்கிலியா, சக்கரமா

மே 3, சனி
விட்டுவிட்டு மழை. கராஜைக் காலி பண்ணியாயிற்று: பழைய மெத்தை, தம்பியின் ஹொக்கி வலை, அம்மாவின் ஊறுகாய்ப் போத்தல்கள். கதவை அளந்தேன். பார்த்துவைத்த இரண்டு வண்டிகளில் எதுவானாலும் உள்ளே போகும்.

இரண்டும் வடக்கே ஒரு பண்ணையில், ஒரே சேகரிப்பாளரிடம். இராணுவம் கழித்துவிட்ட கவச வாகனங்கள், துப்பாக்கி கழற்றியவை.

ச. – சங்கிலிப் பட்டையில் ஓடுவது. விசாலம். எஞ்சின் சுத்தம். வீதியில் ஓட்ட முடியாது.
ந. – நாலு சக்கர உளவுக் கார். இருவருக்கே இடம். அடித்தட்டில் துரு. நம்பர் பிளேட் எடுக்கலாம்.

மனம் ச. பக்கம். போர்களைப் பற்றி அலமாரி நிறையப் படித்தாயிற்று. ஒன்றையாவது திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். என்னால் முடியும்.

தம்பி: "அக்கா, சீரியஸ்லி? நோர்மல் ஆக்கள் கொரோலா வாங்குவினம்."

அப்பா யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் வளர்ந்தவர். அவர் வேண்டாம் என்றால் வாங்கமாட்டேன். சொல்லமாட்டார்.

மே 6, செவ்வாய்
வெயில். மதியம் இன்சூரன்ஸுக்கு போன். 'கவசம்' என்றதும் போனை எடுத்த பெண் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு சிரிப்பு.

இரவுச் சாப்பாடு, புட்டு. அம்மா: "வாங்கினா கோயிலுக்குக் கொண்டுபோகவேணும். சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்கவேணும். உந்தச் சங்கிலிக்கு எங்கை வைக்கிறது?"

தம்பி: "ஒரு மூட்டையைக் கொட்டிவிடுங்கோ அம்மா."

அப்பாவும் சிரித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 10, சனி
பண்ணை. காற்று, சேறு. அப்பாவும் வந்தார், தானாகவே.

சேகரிப்பாளர் ச.வை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் முன்னால் எடுத்தார். சங்கிலி சரளைக்கல்லில் அரைபட்டது. அருமையான சத்தம். சொல்லத் திரும்பினால் பக்கத்தில் அப்பா இல்லை. வைக்கோல் உருளைக்குப் பின்னால் குந்தியிருந்தார், இரண்டு கையும் தலைமேல்.

எழுந்து முழங்காலைத் தட்டினார். "சப்பாத்து லேஸ் கட்டினனான்."

காலில் ரப்பர் பூட்ஸ்.

எதுவுமே வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ந.விடம் போய்ச் சில்லை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதின்ரை சத்தம் எப்பிடி?" ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நின்ற இடத்திலேயே நின்று கேட்டார், கடைசிவரை.

"உது பழைய பஸ் மாதிரியெல்லோ. பரவாயில்லை."

திரும்பும் வழியில், ஹைவேயில்: "நீ ஆசைப்பட்டது மற்றது."

"அது கராஜுக்குள்ளை போகாது அப்பா."

ஓம் என்று தலையாட்டினார். கராஜை அளந்தபோது டேப்பின் மறுநுனியைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

மே 18, ஞாயிறு
நல்ல வெயில். ந. வந்து இறங்கியது. எங்கள் ரூஜ் பகுதித் தெருவே வாசலில். எதிர்வீட்டு அங்கிள்: "பிள்ளை, பார்க்கிங் டிக்கெட் எழுத ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்!"

கோயில் பிறகு, நம்பர் பிளேட் வந்ததும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, வாசலிலேயே நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். நான் ஓட்டும் இருக்கையில். அப்பா கேட்காமலே ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தார்.

"கொம்மாவின்ரை கை மட்டும்தான் தெரியுது. முகம் தெரியேல்லை."

துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே:

"அண்டைக்கு உதுக்குள்ளை இருந்தவங்களுக்கும் உவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும்."

மேல்மூடியை மூடவா என்று கேட்டேன்.

"வேண்டாம். திறந்தே கிடக்கட்டும். நீ எடு."

எடுத்தேன். நாலு தேசிக்காயும் நசுங்கின. அம்மா கைதட்டினார். அப்பா இறங்குவார் என்று பார்த்தேன்.

"ரோட்டு முடியுமட்டும் போ," என்றார்.