அப்பாவின் அடைக்கலப் பட்டணம்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்க போனதுக்கப்புறம் உங்க நாற்காலியில யாரும் உட்கார்றதில்ல. துவைச்ச துணியை மடிச்சு அதுலதான் அடுக்கி வைக்கிறோம். இதைக் கேட்டா உங்களுக்குக் கோபம் வரும்னு தெரியும். வரட்டும். கோபத்துலயாவது நீங்க ஒரு வார்த்தை பேசுனா இப்ப எனக்கு நல்லா இருக்கும்.

வர்ற சனிக்கிழமை உங்களுக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். மதுரையில நம்ம கோச்சடை வீட்டு வாசல்லயே பந்தல் போடுறோம். போதகர் ஐயா வந்திருந்தாரு. "குடும்பத்துல யாரு யாரு வர்றாங்கம்மா, ஜெபத்துல பேர் சொல்லணும்"னு கேட்டாரு. ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டே வந்து, உங்க கூடப் பிறந்த ஒரே தம்பி பேர்ல நின்னுட்டேன். சாமுவேல் சித்தப்பா வர்றாரா இல்லையா? எனக்கே தெரியலப்பா. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

என் காலத்துக்கப்புறம் நம்ம கதை தெரியாதவங்களும் இதைப் படிக்கலாம். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே உங்களுக்கு மறுபடியும் சொல்றேன். பொறுத்துக்கங்க.

எனக்கு ஏழு வயசு, தம்பி ஜோயலுக்கு நாலு. அறுப்புக்காக எல்லாரும் நம்ம சொந்த ஊரு எழுமலைக்குப் போயிருந்தோம். களத்துல சித்தப்பா டிராக்டரைப் பின்னால எடுத்தாரு. டிரெய்லருக்குப் பின்னாடி வைக்கோல் நிழல்ல தம்பி படுத்திருந்தது யாருக்கும் தெரியல. சித்தப்பா குடிச்சிருக்கல, விளையாட்டுத்தனமா ஓட்டவும் இல்ல. திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் எடுத்தாரு. அதுக்கு மேல என்னால இப்பவும் எழுத முடியல. இன்னைக்கும் ரோட்டுல ஒரு டிராக்டர் பின்னால வர்ற சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கி, அது போற வரைக்கும் நின்னுருவேன்.

எழுமலையிலயே தம்பியை அடக்கம் பண்ணோம். சித்தப்பா உங்க கால்ல விழுந்து கிடந்தாரு. நீங்க கையை ஓங்கல, ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. வேதத்தை விரிச்சீங்க. கைதவறி ஒருத்தனைக் கொன்னவன் ஓடிப்போய் ஒதுங்குறதுக்குன்னு இஸ்ரவேல்ல சில ஊர்களை ஒதுக்கி வச்சிருந்தாங்களே, அந்த அதிகாரத்தை ஊரே கேக்க வாசிச்சீங்க. அந்த ஊருக்குள்ள இருக்குற வரைக்கும் பழிவாங்க வர்றவன் அவனைத் தொடக்கூடாது. எல்லையைத் தாண்டிட்டா அவன் உசுருக்கு யாரும் பொறுப்பில்ல. பிரதான ஆசாரியன், அதாவது அவங்க கோயிலோட தலைமைக் குரு, சாகுற மட்டும் அவன் அங்கயே கிடக்கணும். ஆசாரியன் செத்த பிறகு வீட்டுக்குப் போகலாம்.

வாசிச்சு முடிச்சு, மூடி வச்சுட்டு, "எழுமலைதான்டா உனக்கு அடைக்கலப் பட்டணம். நான் உசுரோட இருக்குற மட்டும் இந்த ஊர் எல்லையைத் தாண்டாத"ன்னு சொன்னீங்க. சித்தப்பா அழுதுக்கிட்டே தலையை ஆட்டினாரு. அப்ப அவருக்கு முப்பது வயசுகூட ஆகல.

சபையில உங்களை மெச்சிக்கிட்டாங்க. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்துட்டும் பழிவாங்காத மனுசன்னு பேரு. நீங்களும் அதைத் தண்டனைன்னு நெனைக்கல, தயவுன்னுதான் நெனச்சீங்க. அதைத்தான்பா என்னால இன்னும் ஏத்துக்க முடியல. நீங்க வெறும் கோபக்காரரா இருந்திருந்தா என்னைக்காவது ஒரு நாள் ஆறியிருப்பீங்க. நீங்க சட்டமா நின்னுட்டீங்க. உங்ககிட்ட யாரு போய் என்ன பேசுறது?

சித்தப்பா அதை அப்படியே காப்பாத்துனாரு. என் கல்யாணத்துக்கு வரல, ஒரு மூட்டை நிலக்கடலையை பஸ்ஸுல ஏத்தி விட்டாரு. இடது கண்ணுல புரை விழுந்து, மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கன்னு டாக்டர் சொல்லியும் வரல. எழுமலைக்கு எப்பவாவது வர்ற முகாமுக்குக் காத்துக் கிடந்தே அந்தக் கண்ணு போச்சு. அந்தச் சேதி வந்த அன்னைக்கு நீங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனீங்க. ஆனா, "வரச் சொல்லு"ன்னு மட்டும் உங்க வாயில வரல. ஏன்பா?

எழுமலையில நம்ம பங்காளிங்க முக்கால்வாசிப் பேரு குலசாமி கும்புடுறவங்கதானே. அவங்களுக்கு இது பிடிபடவே இல்லையாம். "ஏப்பா சாமுவேலு, எம்புட்டுப் பகையா இருந்தாலும் ஒரு சாவுல, ஒரு காதுகுத்துல நாங்க பேசிக்கிருவோம். உங்க சாமி என்னப்பா இம்புட்டுக் கறாரா இருக்கு"ன்னு டீக்கடையில ஒருத்தர் கேட்டாராம். சித்தப்பா சிரிச்சுக்கிட்டே, "சாமி கறாரு இல்லண்ணே, எங்க அண்ணன்தான் கறாரு"ன்னாராம். சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கப்புறம் நான் அப்பப்ப எழுமலைக்குப் போவேன். நீங்க கேக்க மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா நீங்க போகல. அவன் இருக்குற ஊர்ல நான் கால் வைக்க மாட்டேன்னு உங்களுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கிட்டீங்க. உசிலம்பட்டி வரைக்கும் ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டு, அங்கிருந்து எழுமலை பக்கம்தான், ஆனாலும் அப்படியே திரும்பிட்டீங்க. தம்பி கல்லறை அங்கதானே இருக்கு? முப்பது வருஷத்துக்கு மேல நீங்க அதைப் போய்ப் பாக்கவே இல்ல. கல்லறைத் திருநாளுக்கு வருஷம் தவறாம அதுக்கு வெள்ளையடிச்சு, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? ஒரு கண்ணு போய், மறு கண்ணும் மங்குனப்புறமும் தடவித் தடவி அவருதான் அடிக்கிறாரு. சுண்ணாம்பு பாதி புல்லுல கிடக்கும்.

நான் காலேஜ் படிச்சப்ப ஒரு பெரிய வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கா? மூணு மணி ஆராதனை முடிஞ்சு சர்ச் வாசல்ல கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தோம். சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தையில ஒண்ணை அந்த வருஷம் நீங்கதான் பேசுனீங்க, அதுவும் மன்னிப்பைப் பத்தின முதல் வார்த்தை. பிரமாதமாப் பேசுனீங்க. பாதிப் பேரு அழுதாங்க, நானும் அழுதேன். நியாயப்பிரமாணச் சட்டம் நம்மளைக் கட்டிப் போட்டுச்சு, கிருபை வந்து அவுத்து விட்டுச்சுன்னு சொன்னீங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியல. "அப்பா, நமக்குப் பிரதான ஆசாரியரு இயேசுதானே? அவரு செத்தது இன்னைக்குத்தானே? அப்ப சித்தப்பா வீட்டுக்கு வரலாம்லப்பா"ன்னு கேட்டேன். நீங்க கஞ்சி டம்ளரைக் கீழ வச்சீங்க. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. ஈஸ்டர் அன்னைக்குத்தான் எங்கூடப் பேசுனீங்க, அதுவும் கறிக்கு உப்புக் கம்மின்னு.

நான் கேட்டது தப்பாப்பா? பதில் தெரியாமப் போனீங்களா, தெரிஞ்சதுனால போனீங்களா?

போன வருஷம் ஆஸ்பத்திரியில உங்களுக்குக் கடைசி வரைக்கும் பேச்சு தெளிவா இருந்துச்சு. மில்லுல ஃபிட்டரா இருந்த மனுசன்ல, மோட்டார் சுவிட்சை ஈரக்கையோட தொடாதன்னு சொன்னீங்க. கேஸ் சிலிண்டர் பதிஞ்சாச்சான்னு கேட்டீங்க. அடக்கத்துக்கு எந்தப் பாட்டு, அதுல எந்தச் சரணத்தை விட்டுறணும்னு வரைக்கும் சொன்னீங்க. நான் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்து, இப்பச் சொல்வாரு இப்பச் சொல்வாருன்னு உங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அதை மட்டும் சொல்லல.

உங்களை அடக்கம் பண்ணிட்டு வந்து முகம் கழுவுறேன், போன் வருது. சித்தப்பா. பின்னால ஒரே பஸ் சத்தம். "எங்க இருக்கீங்க சித்தப்பா?" "மதுரைக்கு வர்ற வழியில, செக்கானூரணியில நிக்கிறேன் தாயி. காலையிலருந்து இங்கதான் நிக்கிறேன். அண்ணனை அடக்கம் பண்ணியாச்சா?" "பண்ணியாச்சு சித்தப்பா." "சரி தாயி." அம்புட்டுத்தான். வரலாமான்னு கேப்பாருன்னு நெனச்சேன், கேக்கல. எனக்கும் வாங்கன்னு சொல்ல வாய் வரல. வாங்கன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இருக்கான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். உங்க மகதானே நானு. அவரு அடுத்த பஸ்ஸுல எழுமலைக்கே திரும்பிட்டாரு.

போன வாரம் நானே போன் போட்டேன். "நினைவு ஜெபத்துக்கு வாங்க சித்தப்பா. இனி என்ன தடை"ன்னேன்.

முதல்ல அம்மாவை விசாரிச்சாரு. அப்புறம், "அண்ணன் எதுவும் சொல்லிட்டுப் போனாராத்தா"ன்னு கேட்டாரு.

நான் பேச்சை மாத்தி, ஜெபம் எத்தனை மணிக்குன்னு சொன்னேன்.

"அப்பச் சரி தாயி. அந்த அதிகாரத்தை நானும் படிச்சிருக்கேன். ஆசாரியன் செத்தா வீட்டுக்குப் போலாம்னுதான் போட்டிருக்கு. இப்ப நான் வந்தா என்ன அர்த்தம்? எங்க அண்ணன் எப்பச் சாவாருன்னு இம்புட்டு வருஷமும் காத்துக் கிடந்தேன்னு ஆயிரும். நான் அதுக்கா காத்துக் கிடந்தேன்? அவரு வாயால ஒரு வார்த்தைக்குத் தாயி. ஒரே ஒரு வார்த்தைக்கு. நீங்க ஜெபத்தை நல்லபடியா நடத்துங்க."

போனை வச்சுட்டாரு. பாத்தீங்களாப்பா, நீங்க பூட்டுன பூட்டை? நீங்க இருந்த வரைக்கும் அவரு வெளிய வர முடியாது. நீங்க போனதுனாலயும் வர முடியாது. தொறக்க வேண்டிய வாயைக் கோச்சடைக் கல்லறையில வச்சு மண்ணைத் தள்ளியாச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். "அம்மா, உங்களுக்குச் சித்தப்பா மேல கோபம் இல்லையா"ன்னு கேட்டேன்.

"அவன் மேல கோவம் அந்த வருசமே போயிருச்சுடி. உங்கப்பா மேலதான் இன்னும் போகல. பத்து மாசம் சுமந்து பெத்தவ நான். மன்னிக்கணுமா வேணாமான்னு என்னைய யாரு கேட்டா?"

கீரையை விட்டு அவங்க கண்ணை எடுக்கவே இல்ல. இம்புட்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ள இதை வச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குச் சோறு போட்டிருக்காங்க.

நான் மன்னிச்சுட்டேனான்னு நீங்க கேட்டா, தெரியலப்பா. ஜோயல் இருந்திருந்தா இன்னைக்கு அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பிச்சிருக்கும். அதை நெனைச்சா சித்தப்பா மேல ஆத்திரம் வருது. அந்தச் சுண்ணாம்புக் கையை நெனைச்சா உங்க மேல ஆத்திரம் வருது. எந்தப் பக்கம் திரும்புனாலும் நீங்க போட்ட கோட்டுலதான் முட்டிக்கிறேன். மனசு சுத்தமானப்புறம்தான் கூப்பிடணும்னா, சித்தப்பாவுக்கு இன்னொரு கண்ணும் போயிரும்.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன். பண்ணுன நாள்லருந்து தூக்கம் இல்ல. சின்ன வயசுல மிட்டாய் தின்னலைன்னு ஒரு பொய் சொன்னதுக்கு, பத்துக் கட்டளையையும் முட்டி போட்டு ஒப்பிக்க வச்சீங்களே, பொய்ச்சாட்சி சொல்லாதேங்குற ஒன்பதாவது வந்ததும் மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கச் சொன்னீங்களே, அந்த முட்டி இப்ப வலிக்குது. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். கீரைக் காம்பை ஒதுக்கிக்கிட்டே, "போய்ச் சொல்லு. பாவம்னா பாதிய என் மேல போட்டுரு"ன்னாங்க.

நாளைக்குக் காலையில எழுமலை பஸ் ஏறுறேன்பா. முதல்ல தம்பி கல்லறைக்கு, அப்புறம் சித்தப்பா வீட்டுக்கு. அவரு முகத்தை நேராப் பார்த்து, "அப்பா கடைசியில உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு சித்தப்பா. அழுகையில நான்தான் இம்புட்டு நாளாச் சொல்லாம விட்டுட்டேன்"னு சொல்லப்போறேன். நீங்க சொல்லாத வார்த்தையை உங்க பேர்ல சொல்லப்போறேன். உங்க சட்டப்படி இதுக்கு மன்னிப்பு கிடையாது, தெரியும்.

ஆனா கிருபையைப் பத்தி அன்னைக்கு எங்களை அழ வச்சது நீங்கதானே? இப்ப நீங்க இருக்குற இடத்துல அதைக் கொடுக்குறவரே பக்கத்துல இருக்காரு. கேட்டு வாங்கிக்கங்கப்பா. சித்தப்பாவை விட இப்ப அது உங்களுக்குத்தான் வேணும்.

சனிக்கிழமை நாற்காலியில இருக்குற துணியை எடுத்துட்டு, அதுல அவரை உட்கார வைப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்குற வாக்கு. அவரைக் கூட்டிட்டு வர்றது என் பாடு. நான் சொன்னது பொய்யாகாமப் பார்த்துக்கிறது உங்க பாடு.

போயிட்டு வாரேன்பா.

உங்க மக, ஜோயலுக்கு அக்கா,
எஸ்தர்