அம்மா சேர்த்த சுருதி

ப்ரியம்வதா,

சாதமும் சாத்தமுதும் அடுப்பு மேடையில் இருக்கின்றன. சாப்பிடாமல் ஓடாதே. சாவியைக் கீழ்வீட்டு சாரங்கபாணி மாமாவிடம் கொடு.

உங்கள் இளையோர் இசைக்குழு வாட்ஸப்பில் நேற்று மட்டும் நாற்பது செய்தி. கறுப்பு ஷூ வேண்டுமாம், ஸ்டாண்டு வேண்டுமாம். ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு பாட்டு வாத்தியார் இருக்க, நீ கே.கே. நகர் வரை போய் நாற்காலியில் உட்கார்ந்து முப்பது பேரோடு வாசிக்க வேண்டும். சரி. ஸ்டாண்டு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ஷூ நாளைக்கு.

நேற்று நான் கத்தியது அதற்கல்ல. எனக்குத் தெரியாமல் அம்மாவின் வயலினை எடுத்துப் போனாய். எல்லாருக்கும் ஒரே சுருதி வேண்டும் என்று உங்கள் மாஸ்டர் அதை மாற்றிவிட்டார். அது அம்மா கடைசியாகச் சேர்த்த சுருதி. அதற்காகத்தான் அவள் போன பிறகு இரண்டு வருடமாக அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை.

"வாசிக்காம வெச்சிருந்தா கம்பி தானா இறங்கிடும்ப்பா. நான் திறந்தப்போ அம்மா சுருதி அதுல இல்லவே இல்லை" என்றாய். நான் வயலினை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இன்று காலை நம் தெரு பாட்டு வாத்தியாரிடம் விசாரித்தேன். நீ சொன்னது சரிதான்.

பெட்டி கட்டில்மேல் இருக்கிறது. எடுத்துப் போ.

அப்பா

பி.கு.: ஆறு மணிக்கு உன்னை அழைத்துவர வருவேன். ஐந்துக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் உட்காருவேன். திரும்பிப் பார்க்காதே. வாசி.