கம்பெனி பஸ்ஸில் ஏழுமலை பாட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். யூனிபார்ம் காயவில்லை, ஈரத்தோடே மாட்டிக்கொண்டு ஓட்டம். பாகூர் ஏரி இந்த வாரம் நிரம்பிவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஏரியைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

கம்பெனி பஸ்ஸில் இன்று நான் போட்ட பாட்டு: திண்டிவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி. சமையற்கட்டில் நின்று பாடி யூடியூபில் போட்டிருக்கிறாள். நடுவில் குக்கர் விசில். பக்கத்து சீட் ஜரீனா சொன்னாள், "பாட்டு பரவால்லடி மாலா. சாம்பார் சூப்பரா இருக்கும் போல." பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் வில்லியனூரில் இறங்குவதற்குள் நாலு பேர் லிங்க் கேட்டார்கள். அது போதும் எனக்கு.

என் கண்டிஷன்கள் டிரைவர் குமார் அண்ணனுக்கே மனப்பாடம். சினிமாப் பாட்டு கிடையாது. ஊரே கேட்ட பாட்டு கிடையாது. நான் கடைசி வரை கேட்காத பாட்டு கிடையவே கிடையாது.

சாயங்காலம் மாவரைக்கும்போது புது ஆள் சிக்கினார். ஏழுமலை, கடலூர் பக்கம். எல்லா வீடியோவிலும் கூலிங் கிளாஸ் போட்ட அதே போட்டோ. தலைப்பு: ப்ரோகிராம் 1, ப்ரோகிராம் 2, அவ்வளவுதான். பார்த்தவர்கள் சொற்பம். ஆனால் அந்தக் குரல்! கரகரவென்று ஆரம்பித்து, "பெத்தவளே" என்று இழுக்கும் இடத்தில் எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா பாட்டு. டேப் கொட்டு மட்டும், வேறு வாத்தியம் இல்லை.

இரண்டு சரணம் கேட்டேன். கிரைண்டர் நின்றது. மாவை வழிக்கப் போய்விட்டேன். நாளைக்கு இதுதான்.

வாங்க: உப்பு, சோடா மாவு, பெரியவனுக்கு கிராப் நோட்.

நவம்பர் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஏழுமலை பாட்டைப் போட்டேன். "இந்த ஆளை எழுதி வெச்சுக்குங்க, பெரிய ஆளா வருவாரு" என்று பெரிய பேச்சு வேறு. எல்லோரும் கப்சிப். கரிக்கலாம்பாக்கத்தில் செல்வி அக்கா ஏறினாள். லேபிள் செக்ஷன். போன வருஷம் பையனை விபத்தில் இழந்தவள். எப்போதும் போல டிரைவர் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கடைசிச் சரணத்தில்தான் வந்தது. ஊர் பேர் சொல்லி, தெரு பேர் சொல்லி, "விக்னேசு தம்பி போயிட்டியே" என்று.

அவள் பையன் பேர் அதுதான். ஊரும் தெருவும் அதுதான்.

சாவு வீட்டுப் பாட்டு அது. இந்தப் பக்கம் வாலிபப் பிள்ளை போனால் கூட்டாளிகள் பாட்டுக்காரரைக் கூட்டி வந்து பிணத்துக்குப் பக்கத்தில் பாட வைப்பார்கள். பேர் கடைசியில்தான் வரும். எனக்குத் தெரியாததா இது? எத்தனை சாவில் கேட்டிருப்பேன். கடைசி வரை கேட்டிருந்தால் போட்டிருப்பேனா?

செல்வி அக்கா கத்தவில்லை. எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்தாள். குமார் அண்ணன் ஆப் செய்துவிட்டார். "அண்ணே, நிறுத்து, எறங்கிக்கிறேன்" என்றாள். வயல் நடுவில், மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. செல்வி அக்கா வரவில்லை. அவள் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

குமார் அண்ணன் போனைக் கேட்டுக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். வைப்பர் சத்தம் மட்டும்.

ஜரீனா: "நீ இன்னா வேணும்னா பண்ண? போய்ப் பாத்துட்டு வாடி. இல்லனா இதுவே உள்ள உக்காந்துக்கும்" என்றாள். போகத் தைரியம் இல்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

பாக்கிங்கில் இரண்டு பெட்டி தப்பு. சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கினேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் லேசாக. வந்துவிட்டாள்.

மதியம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவிடவில்லை.

"அந்தப் பாட்ட எனக்கு அனுப்பு" என்றாள்.

"வேணாம்க்கா."

"நான் கேட்கவே இல்லடி. அன்னிக்கி எனக்கு நெனவே இல்ல, ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏறிக்கினு இருந்துச்சு. எம் புள்ளைக்குப் பாட்டுப் பாடினாங்கன்னு சொன்னாங்க. எப்படி இருக்கும்னு தெரியாது."

அனுப்பினேன். அங்கேயே, அத்தனை பேர் சத்தத்தில், போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டாள். சோறு ஆறிப் போனது. ஓர் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளிக் கேட்டாள். அப்புறம் என் காதில் வைத்தாள்.

*அம்மாவுக்கு மல்லி வாங்கி
அந்தி சாய வர்றேன்னியே
வாங்கி வெச்ச பூவு வாட
வாசப்படி காக்குறாளே*

"இத யாரு சொன்னது அந்தாளுக்கு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். அன்றைக்குக் காலையில் சண்டை. வேலைக்குப் போகாமல் வண்டியில் சுற்றுகிறான் என்று. "எங்கனா போய்த் தொல, வூட்டுக்கு வராதன்னேன் மாலா. அதான் நான் கடைசியா சொன்னது. வரவே இல்ல." இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லையாம். "கோவமாத்தான் போனான்னு நெனச்சுக்கினு இருக்கேன். பூ வாங்கத்தான் போனான்னா? யாராச்சும் கூட்டாளிக்குத் தெரிஞ்சிருக்கும். ரோட்ல பூ கெடந்துச்சான்னு நான் ஒருத்தரையும் கேட்கல."

அந்தப் பாட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

தட்டில் இருந்த சோற்றைக் கொட்டினேன். கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வானம் மூட்டம். காலையில் மீன், வஞ்சிரம் கிடைக்கவில்லை, சங்கராதான். வீட்டுக்காரர் ஏரி பார்க்கப் போயிருக்கிறார்.

சேனலில் போட்டிருந்த நம்பருக்கு அடித்தேன். ஏழுமலையே எடுத்தார். பகலில் பெயின்ட் வேலையாம், ஞாயிறும் உண்டாம். பின்னால் யாரோ சுரண்டும் சத்தம். நல்ல மனுஷன். மூச்சுக்கு மூச்சு மேடம்.

"கரிக்கலாம்பாக்கமா? அந்தப் பக்கம் நாலஞ்சு வூட்ல பாடியிருக்கேன் மேடம். எந்தப் பையன்னு ஞாபகம் இல்ல. தப்பா நெனைக்காதீங்க."

மல்லி வாங்கப் போனான் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"பேரும் ஊரும்தான் மேடம் அவுங்க சொல்லுவாங்க. மிச்சம் நம்பளுது. பையன்னா மல்லிப்பூ. பெரியவங்கன்னா பேரப் புள்ளைக்கு மிட்டாய். எல்லாப் பாட்லயும் வரும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவரே "ஹலோ, ஹலோ" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார், "பாட்டு நல்லா இருந்துச்சா மேடம்? யாரும் சொல்றதில்ல. சாவு வூட்ல யாரு கை தட்றது?"

நல்லா இருந்தது என்றேன். பொய்யில்லை. அவ்வளவு நல்லா இருந்ததுதான் பிரச்சினையே.

சேனலை ஒன்று விடாமல் கேட்டேன், இந்த முறை கடைசி வரை. குறிஞ்சிப்பாடிப் பையன் ஒருவன், பண்ருட்டிப் பையன் ஒருவன், ஊர் புரியாத இன்னும் இரண்டு பேர். எல்லாரும் அம்மாவுக்கு மல்லி வாங்கப் போயிருக்கிறார்கள். ஒருவனும் திரும்பவில்லை. மீன் கருகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

பொய் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறினதும் செல்வி அக்கா என்னைத்தான் பார்த்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கூட்டாளி பையன் ஒருத்தன் சொன்னானாம்க்கா. பேரு அவருக்கு ஞாபகம் இல்லையாம்" என்றேன். ஏற்கெனவே யோசித்து வைத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குக் கோவம் ரொம்ப நேரம் நிக்காது" என்று சிரித்தாள். ஒரு வருஷமாக இவள் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சந்தோஷப்படவா நான்? பயமாக இருக்கிறது. அந்தச் சேனலை பஸ் முழுக்கப் பரப்பியது நான்தான். பின்சீட்டில் ஒரு பெண் கத்தினாள், "மாலாக்கா, ஏழுமல சூப்பர்க்கா! இன்னும் ரெண்டு கேட்டேன், அழுதுட்டேன்." செல்வி அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அவசரமாக வேறு பாட்டு போட்டேன். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இரண்டு பேர், வாளியைத் தட்டித் தாளம். நல்ல பாட்டு, போன வாரமாக இருந்தால் நானே ஆடியிருப்பேன். "ஏழுமலைய விடுங்க, ஒரே மாதிரி பாடுவாரு. இவங்களக் கேளுங்க" என்றேன். இதுவரை ஒரு பாட்டுக்காரரையும் கேட்காதே என்று நான் சொன்னதில்லை. கை தட்ட ஆளில்லாத மனுஷன். அவருக்குப் போய் இப்படி.

ஜரீனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் மட்டும் எல்லாம் சொன்னேன். "நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலடி. நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. செல்வி அக்கா இயர்போன் போட்டுக்கொண்டு வந்தாள், போகும்போதும் வரும்போதும். எந்தப் பாட்டு என்று கேட்கப் பயம். எட்டிப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

சின்னவனுக்கு ஜுரம். மாத்திரை, ரொட்டி.

நவம்பர் 13, வியாழன்

ஏரி நிரம்பிவிட்டது. வீட்டுக்காரர் என்னவோ அவரே நிரப்பினது போல ஊருக்கெல்லாம் போன்.

பஸ்ஸில் செல்வி அக்கா தன் பக்கத்து சீட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். போனேன். ஒரு பக்க இயர்போனை என்னிடம் கொடுத்தாள்.

குறிஞ்சிப்பாடிப் பையன் பாட்டு.

மல்லி வரி வந்தது. முடிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. இப்போது கேட்பாள், என்ன சொல்வது, என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் அந்த வளைவில் திரும்பியது, விக்னேஷ் விழுந்த வளைவு. எப்போதும் அங்கே கண்ணை மூடிக்கொள்பவள், இன்று ரோட்டையே பார்த்தாள்.

"இந்தப் புள்ளையும் பூ வாங்கத்தான் போயிருக்குது" என்றாள்.

காதிலிருந்து இயர்போனை எடுத்தேன்.

"பாவம்டி. அந்தம்மாவும் திட்டித்தான் அனுப்பியிருப்பா. இல்ல மாலா?"

"ஆமாக்கா" என்றேன்.

வில்லியனூர் வரும் வரை என் கையை விடவில்லை.