தரையைத் தொடும் சங்கிலி

அக்கா,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. அத்தானிடம்கூடக் காட்டாதே.

டல்சா நகரத்திலிருந்து கம்பெனி அப்பாவுக்குப் புது பெட்ரோல் லாரி அனுப்பியிருக்கிறது. சிவப்பு நிறம், மீன்போல வழவழப்பான உடம்பு. சக்கரங்கள்கூடத் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. விடிந்ததும் அதில் பண்ணைகளுக்கு பெட்ரோல் ஊற்றப் போகிறார். பக்கத்தில் உட்காரப்போவது நானில்லை, சித்தியின் மகள் லொரெட்டா.

"பழைய லாரியில நீ எத்தன தடவ வந்திருக்க! அவ ஒரு தடவ வரட்டுமேடி," என்றார் அப்பா.

"நீ வாசல்ல நின்னு டாட்டா காட்டு," என்று அவள் பழிப்புக் காட்டினாள்.

ஆத்திரத்தில், வண்டிக்கடியில் தரையைத் தொட்டு இழுபடும் சங்கிலியைக் கழற்றி என் மெத்தைக்கடியில் ஒளித்துவிட்டேன். பெட்ரோல் குலுங்கிக் குலுங்கி டாங்கில் சேரும் மின்சாரம் அது வழியாகத் தரையில் இறங்காவிட்டால், ஒரு பொறி போதும், எல்லாம் எரிந்துவிடும் என்பார் அப்பா. அது இல்லாததைப் பார்த்தால் பயணத்தை நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். ஆனால் அந்த அழகான தகடு கீழேவரை இறங்கி மறைக்கிறது. அவர் கவனிக்கவே இல்லை.

அவள் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன் அக்கா, சாகவேண்டும் என்றல்ல. உண்மையைச் சொன்னால் அப்பா இனி என்னை எந்த வண்டியிலும் ஏற்றமாட்டார். அவளை மட்டும்தான்

யாரோ தட்டுகிறார்கள். "முழிச்சிருக்கியாடி? நாங்க கெளம்புறோம்." அப்பாதான்.

சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டேன். கதவைத்