பேச்சு வராத பிள்ளை

ம்பாகோவின் அப்பாவுக்கு,

பிள்ளையின் பேச்சுச் சோதனையில் என்ன சொன்னார்கள் என்று மட்டும்தான் போனில் கேட்டீர்கள். நடந்ததைக் கேட்கவில்லை.

பிரான்சிஸ்டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிள்ளைக்கு ஆட்டுப் படம் காட்டினார். "ஐ, பக்கத்து வீட்டு ஆடு! வயித்துல குட்டி இருக்கு!" என்றான், நம் கலங்கா மொழியில். அவருக்கு அது விளங்கவில்லை. 'பேச்சு வரவில்லை' என்று எழுதிக்கொண்டார். "வீட்டுல கலங்கா, தெருவுல செட்ஸ்வானா, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்னா சின்ன மூளை தாங்குமா? இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசும்மா" என்று என்னிடம் செட்ஸ்வானாவில் சொன்னார்.

"படிச்சவங்க சொன்னா கேளுடி" என்று நீங்களும் அதட்டினீர்கள்.

கேட்கிறேன். என்னிடம் இருக்கும் இங்கிலீஷ் 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்'. நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த ஆடு செத்துப்போனது. ம்பாகோ ஓடிவந்து என் மடியில் விழுந்தான். "குட்டி உள்ளயே இருக்கேம்மா, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கலங்காவில் கேட்டுக் கேட்டு அழுதான்.

"கம்" என்றேன். "ஈட்" என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்லீப்" என்றேன்.

காலையிலிருந்து அவன் எந்த மொழியிலும் பேசவில்லை. டாக்டரம்மா எழுதியது இப்போது உண்மையாகிவிட்டது.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்ட உங்கள் மனைவி